3,500 கிலோ இழுக்கும் என்கிறார்கள். குடும்பம் ஏறின பிறகுமா?

ஆஸ்திரேலியாவில் யூட் வாங்கப் போனால் விற்பனையாளர் வாயிலிருந்து சீக்கிரமே ஓர் எண் வந்து விழும்: 3,500 கிலோ. முன்னால் ஆட்கள் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தட்டு, அதுதான் யூட். இங்கே பல வீடுகளில் குடும்ப காரும் அதுதான். மூன்றரை டன் இழுக்கும் என்று கேட்டதும், பின்னால் எதை மாட்டினாலும் கவலையில்லை என்று தோன்றிவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது உங்கள் எண்ணும் இல்லை. காரில் அதிகச் சுமை எதுவும் இல்லாதபோது எட்டக்கூடிய உச்சம் அது. மனைவி, பிள்ளைகள், ஐஸ் பெட்டி, கூடாரத் துணி, பத்துக் கிலோ அரிசி எல்லாம் ஏறின பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் எண். அதைக் கண்டுபிடிக்கக் கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும். எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம்.

நான் பின்னால் மாட்டியது கேம்பர் டிரெய்லர். அது கேரவனுக்குத் தம்பி மாதிரி. ஓடும்போது மூடிய பெட்டி. போய்ச் சேர்ந்ததும் திறந்தால் படுக்கை, கூடாரம், இழுத்து வெளியே எடுக்கும் அடுப்படி. வெறும் துணிக்கூடாரம் மடித்து வைத்த எளிய வகைகள் ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். கெட்டித் தரையோடு முன்பக்கமாக மடிந்து விரியும் வகைகள் காலியாகவே ஒன்றரை டன்னைத் தொடும். பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

சரி, முதலில் டிரெய்லரைப் பார்ப்போம். அதன் முன்பக்க இரும்புச் சட்டத்திலோ உடம்பிலோ ஒரு சின்ன உலோகத் தகடு அடித்திருப்பார்கள். அதில் டேர், ஏடிஎம் என்ற இரண்டு எடைகள் இருக்கும். பெரும்பாலும் ஜிடிஎம் என்று மூன்றாவதும் இருக்கும்.

டேர் என்றால் காலி எடை. தண்ணீர்த் தொட்டி வறண்டு, எரிவாயு உருளை வெறுமையாக, உள்ளே ஒரு கரண்டிகூட இல்லாத நிலை. ஏடிஎம் என்றால் எல்லாம் ஏற்றின பிறகு, காரிலிருந்து கழற்றி நிறுத்தினால் அந்த டிரெய்லர் மொத்தமாக எவ்வளவு எடை இருக்கலாம் என்ற வரம்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் ஏற்றக்கூடிய சாமான். டேர் 1,450, ஏடிஎம் 2,000 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 550 கிலோ.

அப்போது ஜிடிஎம் எதற்கு? காரில் மாட்டியிருக்கும்போது டிரெய்லரின் முழு எடையும் அதன் சக்கரங்கள்மேல் இருப்பதில்லை. ஒரு பகுதி முன்னால் சாய்ந்து, காரின் பின்னால் இருக்கும் கொக்கிமேல் உட்காருகிறது. மாட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் பங்குக்கான வரம்பு ஜிடிஎம். கொக்கிமேல் உட்காரும் பங்கை இங்கே பால் வெயிட் என்பார்கள். கொக்கி பந்து வடிவில் இருப்பதால் வந்த பெயர். கரடுமுரடான பாதைகளுக்கான கேம்பர்களில் பந்துக்குப் பதில் வேறு வகைக் கொக்கிகள் வந்துவிட்டன, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். மூட்டைகளை முன்னால் அடுக்கினால் முன்பாரம்; நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளி அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். தெரிந்த வண்டிக்காரர் இரண்டுக்கும் இடையில், கழுத்தில் கொஞ்சம் பாரம் உட்காரும்படி மூட்டையை நகர்த்தி வைப்பார். அந்தக் கொஞ்சம்தான் பால் வெயிட். ஆஸ்திரேலியாவில் புழங்கும் கைக்கணக்கு, ஏற்றின டிரெய்லர் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம். பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15. அவரவர் டிரெய்லரின் அமைப்பும் அவரவர் சாலை வேகமும் வேறு. அதனால் யூடியூபில் எந்த நாட்டுக்காரர் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டு கேளுங்கள்.

இனி காருக்கு வருவோம். இங்கே எண்கள் கொஞ்சம் கூடும். காரின் காலி எடை ஒன்று. ஆட்கள், சாமான், பால் வெயிட் எல்லாம் சேர்த்துக் காரின் சக்கரங்கள் சுமக்கக்கூடிய உச்சம் ஜிவிஎம். காரும் டிரெய்லரும் சேர்ந்து மொத்தமாக இருக்கக்கூடிய உச்சம் ஜிசிஎம். அப்புறம் இழுக்கும் திறன், கொக்கிமேல் தாங்கும் உச்ச எடை. இவை போதாதென்று முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்பு, டயருக்கு ஒரு வரம்பு. கொக்கியைத் தாங்கும் டோ பாரிலும் ஒரு தகடு இருக்கும். கார் 3,500 இழுக்கலாம் என்றாலும் அதில் பூட்டியிருக்கும் டோ பார் 2,500க்குத்தான் என்றால், உங்கள் வரம்பு 2,500. எது சிறியதோ அதுதான் செல்லும்.

ஒரு யூட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனை வண்டிதான், ஆனால் சந்தையில் இருப்பவற்றுக்குப் பக்கத்து எண்கள். காலி எடை 2,150. ஜிவிஎம் 3,100. ஜிசிஎம் 5,900. இழுக்கும் திறன் 3,500. ஜிவிஎம்மிலிருந்து காலி எடையைக் கழித்தால் 950 கிலோ சாமான் ஏற்றலாம் என்று வருகிறது. ஆக, 950 கிலோ ஏற்றிக்கொண்டு 3,500 கிலோ இழுக்கலாமா?

முடியாது. 5,900இல் டிரெய்லருக்கு 3,500 கொடுத்துவிட்டால் காருக்கு மிஞ்சுவது 2,400. காலி வண்டியே 2,150. மீதி 250 கிலோ. அப்பா 75, அம்மா 65, பிள்ளைகள் 40, 30 என்று வைத்தால் 210 போய்விட்டது. கங்காருவுக்குப் பயந்து முன்னால் புல்பார் என்ற தடுப்புக் கம்பி பூட்டியிருந்தால் அது ஒரு 50 கிலோ. அவ்வளவுதான், வரம்பைத் தாண்டியாயிற்று, இன்னும் ஒரு பை கூட ஏறவில்லை. மறுபக்கமாக, காரை ஜிவிஎம் வரை முழுக்க ஏற்றினால், 5,900இல் 3,100 போக டிரெய்லரின் சக்கரங்களுக்கு 2,800தான். 3,500 என்ற அந்த எண்ணும் 950 என்ற இந்த எண்ணும் ஒரே நாளில் ஒன்றாகக் கிடைக்கவே கிடைக்காது. விளம்பரத் தாளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஜிசிஎம்மைக் கடைசிப் பக்கத்து அட்டவணையில் பொடி எழுத்தில் போடுவது எனக்குப் பிடிப்பதே இல்லை.

யூட் இல்லாமல் நடுத்தர எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு வேறு பொறி இருக்கிறது. 1,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும்; கொக்கிமேல் தாங்குவதோ அதற்கு ஏற்றபடி இருக்காது. 100 கிலோதான் என்றால், 10 சதவீதக் கணக்குப்படி ஒரு டன் டிரெய்லரோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. ஒரே பெயரில் விற்கும் காரில்கூட, இரண்டு சக்கரம் இழுப்பதா நான்கா, பெட்ரோலா ஹைப்ரிடா என்பதைப் பொறுத்து இழுக்கும் திறன் தலைகீழாக மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் காரும் அதே பெயர்தானே என்று நம்பிவிடாதீர்கள்; உங்கள் காரின் கையேட்டைப் புரட்டுங்கள்.

கொக்கி எடையில் ஒரு நுட்பம் உண்டு. 200 கிலோவைக் கொக்கிமேல் வைத்தால் காரின் பின் அச்சு 200 கிலோவை மட்டும் சுமக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசாப் பலகை மாதிரி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3.2 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கிவரை 1.2 மீட்டர் என்று வையுங்கள். 200ஐ 1.2ஆல் பெருக்கி 3.2ஆல் வகுத்தால் 75. அந்த 75 கிலோ முன் சக்கரங்களிலிருந்து தூக்கப்பட்டு பின் அச்சில் போய்ச் சேர்கிறது. பின் அச்சில் கூடியது 275. முன் சக்கரம் இலேசாகிவிட்டதால் ஸ்டீரிங் மிதக்கிற மாதிரி இருக்கும், முன் பிரேக்குக்குப் பிடிமானம் குறையும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து போகும் யூட்களை நெடுஞ்சாலையில் நிறையப் பார்க்கலாம். அவர்களில் பலர் ஜிவிஎம்முக்குள்தான் இருப்பார்கள். பின் அச்சின் வரம்பைத்தான் தாண்டியிருப்பார்கள்.

பால் வெயிட் கூடினால் இப்படி. குறைந்தால் இதைவிட மோசம். கொக்கிமேல் போதிய பாரம் இல்லாத டிரெய்லர் வேகத்தில் வாலாட்ட ஆரம்பிக்கும். ஒரு பெரிய லாரி கடந்து போகும் காற்றே போதும். டிரெய்லர் இடமும் வலமும் அலைந்து, ஒவ்வொரு அலையிலும் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். எல்லாச் சுமையையும் முன்னால் வைத்தால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. காவடி எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் இரு முனையிலும் குடம் தொங்கும்போது சட்டென்று திரும்ப முடியாது, திரும்பத் தொடங்கினால் சட்டென்று நிறுத்தவும் முடியாது. அதே எடையைத் தோளுக்குப் பக்கத்தில் வைத்தால் சுலபமாகத் திரும்பலாம். டிரெய்லரின் முன் பெட்டியில் ஜெனரேட்டரையும், வால் பக்கம் உதிரிச் சக்கரம், எரிபொருள் கேன், சைக்கிள்களையும் வைத்தால் கொக்கி எடை தராசில் சரியாகக் காட்டலாம்; ஓட்டும்போது அது காவடி. கனமானதை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ, தாழ்வாக வையுங்கள். முனைகளுக்கு இலேசானவை போதும்.

ஒருவேளை ஆட ஆரம்பித்துவிட்டால்? ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பி அடக்கப் பார்க்காதீர்கள், நேராகப் பிடியுங்கள். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாக இறங்க விடுங்கள். டிரெய்லருக்கு மின்சார பிரேக் இருந்தால், டாஷ்போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பொத்தானைக் கையால் இயக்கி டிரெய்லரை மட்டும் பிடித்து நிறுத்தலாம். அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது புறப்படும் முன்பே விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரேக் பற்றிய சட்டம் சுருக்கமானதுதான். ஜிடிஎம் 750 கிலோவரை டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 வரை ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2,000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும். கூடவே, டிரெய்லர் காரிலிருந்து பிய்த்துக்கொண்டால் தானே பிரேக் பிடித்து 15 நிமிடமாவது பிடித்தபடி நிற்கும் ஏற்பாடும் வேண்டும். ஏடிஎம் 2,500 வரை குறைந்தது ஒரு பாதுகாப்புச் சங்கிலி, அதற்கு மேல் இரண்டு. 

இப்போது என் சொந்தக் கதை. எங்கள் கேம்பரின் தகட்டில் டேர் 1,450, ஏடிஎம் 2,000. முதல் நீண்ட பயணத்துக்கு முந்தின வாரம், பொறுப்பானவன் மாதிரி உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். தண்ணீர் இரண்டு தொட்டியிலும் 120 லிட்டர், அதாவது 120 கிலோ. ஒன்பது கிலோ எரிவாயு உருளை, இரும்போடு சேர்த்து 18. சாமானோடு குளிர்பெட்டி 55. கூடாரத் துணியும் கம்பிகளும் 35. அடுப்படிச் சாமான் 30. இட்லிப் பானையை விட்டுவிட்டு வர வீட்டில் சம்மதிக்கவில்லை. படுக்கை 25. விறகு 25. டீசல் கேன் இரண்டு, 40. கருவிகள், மணலில் சிக்கினால் இழுக்கும் வார்கள், 30. சைக்கிள்கள் 50. சாப்பாடும் ஐஸும் 40. கூட்டினால் 468. இன்னும் 82 கிலோ பாக்கி இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது.

நண்பர் ஒருவர்தான் எடைமேடைக்குப் போய்ப் பார்த்துவிடச் சொன்னார். "தாளில் கூட்டுறது வேற, தட்டில் ஏத்துறது வேற அண்ணா" என்றார். மண், ஜல்லி விற்கும் கிடங்குகளிலும் குப்பைக் கிடங்குகளிலும் பொது எடைமேடை இருக்கும், சின்னக் கட்டணம்தான். குடும்பத்தோடு, முழு டேங்க் டீசலோடு, எல்லாச் சாமானோடும் போனோம். மூன்று முறை நிறுக்க வேண்டும். முதலில் காரும் டிரெய்லரும் மாட்டியபடி மொத்தமாக: 4,720. பிறகு காரை மேடையிலிருந்து இறக்கி, கொக்கியைக் கழற்றாமல் டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில்: 1,880. கடைசியில் டிரெய்லரைக் கழற்றி, அதன் முன்சக்கரத்தையும் மேடைமேல் ஊன்றி, தனியாக: 2,060.

இந்த மூன்று எண்ணிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. 2,060இலிருந்து 1,880ஐக் கழித்தால் கொக்கி எடை 180. 4,720இலிருந்து 1,880ஐக் கழித்தால், மாட்டிய நிலையில் காரின் சக்கரங்கள் சுமப்பது 2,840, எங்கள் யூட்டின் ஜிவிஎம்முக்குள். ஜிசிஎம்முக்கு இன்னும் ஆயிரம் கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறது. கார் எந்தக் குறையும் சொல்லவில்லை, சிரமமே இல்லாமல் இழுத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் டிரெய்லர் தன் ஏடிஎம்மை 60 கிலோ தாண்டியிருந்தது. அதன் அச்சும் ஸ்பிரிங்கும் இணைப்பும் 2,000 கிலோவுக்கு வடிவமைத்தவை. காருக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் அவற்றுக்கு அது உதவாது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்கக்கூடியதும் இதைத்தான்.

என் தாளில் 468, மேடையில் 610. அந்த 142 கிலோ எங்கிருந்து வந்தது? கொஞ்சம் உடுப்புப் பைகள், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். மீதி, வாங்கும்போது "இதையும் போட்டுத் தருகிறோம்" என்று விற்பனையாளர் பூட்டிக் கொடுத்த பக்கப் பந்தல், இரண்டாவது பேட்டரி, இரண்டாவது உதிரிச் சக்கரம். தகட்டில் இருந்த டேர் இவற்றைப் பூட்டும் முன்பு எடுத்த எடை. அதனால் புது டிரெய்லர் வாங்கினால், வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே காலியாக ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். உண்மையான டேர் அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, 60 கிலோவை எப்படிக் குறைப்பது? போகும் இடத்தில் குழாய் இருந்தது, அதனால் ஒரு தொட்டித் தண்ணீரை விட்டுவிடலாம் என்றேன். "எந்தத் தொட்டி?" என்றார் நண்பர். நல்ல கேள்வி. ஒரு தொட்டி அச்சுக்கு முன்னால், மற்றது பின்னால். முன் தொட்டியைக் காலிசெய்தால் கொக்கி எடை இன்னும் குறைந்துபோகும். பின் தொட்டியை விட்டால் சற்றுக் கூடும். பின் தொட்டியைத் திறந்தோம். எடைமேடைக்காரர் காட்டிய புல்தரையில் 60 லிட்டர் ஓடி முடிய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆனது. பிள்ளைகள் கால் நனைத்து விளையாடினார்கள். முன் பெட்டியில் இருந்த விறகை யூட்டின் தட்டுக்கு மாற்றினோம், அங்கேதான் இடம் இருந்ததே. மறுபடி எடை போட்டபோது தனி டிரெய்லர் 1,980, மாட்டிய நிலையில் சக்கரங்கள்மேல் 1,800. கொக்கி எடை அதே 180. பின் தொட்டி கூட்டியதை விறகு குறைத்துவிட்டது. 9 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இப்படி இறக்கிவைக்க மனமில்லாதவர்கள் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக், அதாவது காற்றடைத்த பை, போட்டுவிடுவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஜிவிஎம் ஒரு கிலோகூட அதிகமாகாது. அச்சு, சட்டம், டயர் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. ஜிவிஎம்மைச் சட்டப்படி கூட்டித் தரும் வேலை தனி. ஸ்பிரிங் முதலானவற்றை மாற்றி, சான்று வாங்கி, புதுத் தகடு அடிப்பார்கள். அதிலும் ஜிவிஎம் கூடினால் ஜிசிஎம் தானாகக் கூடிவிடாது. மேலே பார்த்த கற்பனை யூட்டில் ஜிசிஎம் அதே 5,900இல் நிற்க, ஜிவிஎம் மட்டும் 3,500 ஆனால், காரை முழுக்க ஏற்றும் நாளில் டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கிடைப்பது 2,400. காசு கொடுத்து ஒரு பக்கம் வாங்கியதை இன்னொரு பக்கம் விட்டுக்கொடுத்த கதைதான். பணம் கட்டும் முன், புதுத் தகட்டில் ஜிசிஎம் என்ன எண் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.